சசெக்ஸ் டிரைவில் இரண்டு முகவரிகள்

ஒட்டாவாவின் சசெக்ஸ் டிரைவ் என்றதும் கனடியர்களுக்கு நினைவுக்கு வருவது 24-ஆம் எண் வீடு. 1951 முதல் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம் அது. பராமரிப்பில்லாமல் பழுதாகிப்போனதால் 2015-க்குப் பிறகு எந்தப் பிரதமரும் அங்கே குடியிருக்கவில்லை. அதே தெருவின் 521-ஆம் எண்ணில் 1965 முதல் 1975 வரை ‘லெ ஹிபூ’ என்றொரு காபி ஹவுஸ் நடந்தது. சிறிய மேடை, நெருக்கமாகப் போட்ட மேசைகள். மட்டி வாட்டர்ஸ், ஜேம்ஸ் காட்டன், சோனி டெர்ரி, பிரௌனி மெக்கீ போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே வாசித்தார்கள். கேட்க வந்தவர்களில் பலர் அரசு ஊழியர்களின் பிள்ளைகள்.

அப்படி வந்த ஒரு பையன்தான் டேன் ஐக்ராய்ட். அப்பா பீட்டர் மத்திய அரசு அதிகாரி; பிரதமர் பியர் ட்ரூடோ காலத்தில் கொள்கை ஆலோசகராக இருந்தவர். ஓர் இரவு மட்டி வாட்டர்ஸின் டிரம்மர் மேடையில் இல்லாத நேரத்தில், தான் ஏறி உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்ததாக ஐக்ராய்ட் சொல்லியிருக்கிறார். மட்டி வாட்டர்ஸ் தடுக்கவில்லை. தாளத்தை விடாமல் தொடரச் சொன்னாராம். பின்னாளில் கறுப்பு சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ‘ப்ளூஸ் பிரதர்ஸ்’ ஆகி, 1980-ல் வந்த படத்தின் மூலம் இந்த இசையை உலகெங்கும் புதிய தலைமுறையிடம் கொண்டுபோனவர்களில் ஒருவர் இந்த ஒட்டாவா அதிகாரி வீட்டுப் பிள்ளை.

கனடாவின் மத்திய அரசியலையும் ப்ளூஸையும் ஒருசேர நேசிப்பவர்களைப் பார்த்து, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவில் ப்ளூஸ் வந்த வழியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒட்டாவா எடுத்த ஏதாவது ஒரு முடிவு எதிரே நிற்கிறது. சில முடிவுகள் கதவை அடைத்தவை. சில, எடுத்தவர்களே எண்ணிப் பார்க்காத விதத்தில் கதவைத் திறந்துவிட்டவை.

அடைத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1907-ல் ஓக்லஹோமா தனி மாநிலமானதும் அதன் சட்டமன்றம் முதல் வேலையாக ரயிலில் கறுப்பின மக்களுக்குத் தனிப்பெட்டி என்று சட்டம் போட்டது. அதே சமயத்தில் கனடா தன் மேற்குச் சமவெளியில் குடியேற ஆள் தேடி அமெரிக்காவெங்கும் விளம்பரம் செய்துகொண்டிருந்தது: 10 டாலர் கட்டணம், 160 ஏக்கர் நிலம். அந்த விளம்பரத்தை நம்பி ஓக்லஹோமாவின் கறுப்பின விவசாயிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வடக்கே புறப்பட்டார்கள். ஆல்பர்ட்டாவில் ஆம்பர் வேலி என்ற ஊரைக் காடு திருத்தி உருவாக்கியவர்கள் அவர்கள்தான்.

ஒட்டாவா பதறியது. 1911 ஆகஸ்ட் 12 அன்று பிரதமர் வில்ஃப்ரிட் லாரியேயின் அமைச்சரவை, கறுப்பின மக்களின் குடியேற்றத்தை ஓராண்டுக்குத் தடை செய்யும் ஆணையைப் பிறப்பித்தது. சொன்ன காரணம், கனடாவின் தட்பவெப்பத்துக்கு அவர்கள் பொருந்த மாட்டார்கள் என்பது. அடுத்த மாதமே தேர்தலில் லாரியே தோற்றார். ஆணை நடைமுறைக்கு வராமலேயே அக்டோபரில் ரத்தானது. ஆனால் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. எல்லையில் கெடுபிடி மருத்துவப் பரிசோதனைகள், ஓக்லஹோமாவுக்கே ஆள் அனுப்பி ‘வராதீர்கள்’ என்று செய்த பிரசாரம் எல்லாம் சேர்ந்து வேலையை முடித்துவிட்டன. மூன்றே ஆண்டுகளில், 376 பயணிகளோடு வான்கூவர் துறைமுகத்தில் நின்ற ‘கோமகதா மாரு’ கப்பலைத் திருப்பி அனுப்பியதும் இதே மனப்போக்குதான்.

காலத்தைக் கவனியுங்கள். தடை ஆணைக்கு அடுத்த ஆண்டு, 1912-ல், டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘மெம்ஃபிஸ் ப்ளூஸ்’ அச்சில் வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்கத் தெற்கின் பருத்தி வயல்களை விட்டுக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே வந்தார்கள். மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ வந்தது 1943-ல். அவர்களில் பெருங்கூட்டம் டெட்ராய்ட் வரை வந்தது. டெட்ராய்டுக்கு எதிர்க்கரையில் கனடாவின் வின்ட்சர். நடுவில் ஓர் ஆறுதான். அந்த ஆற்றைக் கடந்து குடியேறியவர்கள் மிகக் குறைவு. இனத்தைப் பார்த்து ஆளை எடுக்கும் குடிவரவு விதிகளைக் கனடா 1962 வரை கைவிடவில்லை. சிகாகோவுக்கு வாய்த்தது போன்ற ஒரு ப்ளூஸ் பேட்டை டொராண்டோவுக்கு அந்தக் காலத்தில் அமையாமல் போனதில் இந்த விதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்கள் வர முடியாத இடத்துக்குப் பாட்டு வந்து சேர்ந்தது. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எல்.ஏ.சி. வானொலி 50,000 வாட் சக்தியில் இரவெல்லாம் ப்ளூஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும் ஒலிபரப்பியது. இருட்டிய பிறகு மத்திய அலை வெகுதூரம் போகும். டொராண்டோவில் வளர்ந்த ராபி ராபர்ட்சன், பின்னாளில் ‘தி பேண்ட்’ குழுவின் கிதார் கலைஞர், சிறுவயதில் ராத்திரி ரேடியோவைத் திருகித் திருகி அந்த நிலையத்தைப் பிடித்துக் கேட்டவர். வானலையை நிறுத்தி விசாரிக்க எல்லையில் அதிகாரி கிடையாது.

பிறகு வந்தது எதிர்ப்பக்கத்துச் சிக்கல். அமெரிக்க இசை கனடிய வானொலியை முழுக்க மூடிவிட்டது. உள்ளூர்க் கலைஞரின் இசைத்தட்டை யாரும் போடுவதில்லை. 1971-ல் மத்திய அரசின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி., ஏ.எம். வானொலியில் ஒலிக்கும் இசையில் 30 சதவீதம் கனடிய இசையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. நிலைய முதலாளிகள் கொதித்தார்கள். ஆணையத்தின் தலைவர் பியர் ஜூனோ அசையவில்லை. கனடாவின் மிகப் பெரிய இசை விருதுக்கு ஜூனோ என்ற பெயர் அவரை நினைத்துத்தான் வந்தது.

இந்த விதி ப்ளூஸுக்கு என்ன செய்தது என்பதற்கு டவுன்சைல்ட் ப்ளூஸ் பேண்ட் நல்ல உதாரணம். டானி வால்ஷ், ஹாக் வால்ஷ் என்ற அண்ணன் தம்பி 1969-ல் டொராண்டோவின் ஸ்பாடினா அவென்யூவில் உள்ள கிராஸ்மன்ஸ் டாவர்னில் தொடங்கிய குழு. 1971-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் ராக்டேல் கல்லூரி என்ற பதினெட்டு மாடிக் கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில், கைக்குக் கிடைத்ததை வைத்து அமைத்த ஸ்டூடியோவில் பதிவானது. மாணவர்கள் தாங்களே நடத்திய அந்தக் கூட்டுறவுக் கட்டடம் எழும்பியது மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கொடுத்த கடனில். 1973-ல் டவுன்சைல்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஃப்ளிப், ஃப்ளாப் அண்ட் ஃப்ளை’, அமெரிக்காவின் பிக் ஜோ டர்னர் முதலில் பாடியது. இசை, பாடுபவர், பதிவான இடம், வரிகள் என்ற நான்கில் இரண்டு கனடாவுடையதாக இருந்தால் அது கனடியப் பாட்டு என்பதுதான் விதி. அதன்படி, டொராண்டோ இளைஞர்கள் கனடாவில் பதிவு செய்தால், அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் எழுதிய பாட்டும் கனடியக் கணக்கில் சேரும். அந்த மக்களின் முன்னோரை எல்லையில் மறித்த நாடு, அவர்கள் பாட்டைத் தன் ஒதுக்கீட்டில் எண்ணிக்கொண்டது. எனக்கு இதில் நெருடல் உண்டு. ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் டவுன்சைல்டை வானொலி எத்தனை முறை போட்டிருக்கும் என்றும் யோசிக்கிறேன். ‘ப்ளூஸ் பிரதர்ஸ்’ தங்கள் முதல் ஆல்பத்தில் டவுன்சைல்டின் இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடினார்கள்.

அட்லாண்டிக் கரையில், நோவா ஸ்கோஷியாவில், ‘ப்ளூஸின் பிரதமர்’ என்றே பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார்: டச் மேசன். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் பி. பி. கிங் என்பார்கள். வாழ்க்கை முழுக்க மதுக்கூட மேடைகளில் பாடியவர். மூட்டுவாதம் கிதாரை விரலிலிருந்து பிடுங்கிய பிறகும் பாடுவதை விடவில்லை. 2005-ல் அவருக்கு ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருது அறிவிக்கப்பட்டது. மகன் காரெட் ப்ளூஸ் ஆல்பத்துக்காக ஜூனோ வாங்கியதும் அதே ஆண்டில். அடுத்த ஆண்டு டிசம்பரில் டச் மேசன் காலமானார்.

இன்றைய அரசியலில் ப்ளூஸ் ரசிகர்கள் கவலையோடு கவனிக்க வேண்டியது பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி.யைப் பற்றிய சண்டை. 1986-ல் எட்மண்டனிலிருந்து ஹோல்கர் பீட்டர்சன் ‘சாட்டர்டே நைட் ப்ளூஸ்’ நிகழ்ச்சியை நாடு முழுவதற்கும் தொடங்கினார். அவர் நடத்திய ஸ்டோனி பிளெய்ன் நிறுவனம், கன்சாஸ் சிட்டி பியானோ கலைஞர் ஜே மெக்‌ஷான் எண்பது வயதுக்கு மேல் பதிவு செய்த ஆல்பங்களை வெளியிட்டது. எண்பது வயதுப் பியானோக்காரருக்கு வணிக வானொலியில் எத்தனை நிமிடம் கிடைக்கும்? 2025 தேர்தலில் கன்சர்வேடிவ் தலைவர் பியர் பொலியேவ், ஆங்கில சி.பி.சி.க்குப் பணத்தை நிறுத்துவேன் என்றார். லிபரல் தலைவர் மார்க் கார்னி கூடுதலாக 15 கோடி டாலர் தருவதாக வாக்களித்தார். ஏப்ரல் 28 அன்று லிபரல்களுக்கு 169 இடங்கள். பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. வாதம் முடியவில்லை. சி.பி.சி. மீது எனக்கும் குறைகள் உண்டு. ஆனால் பிரேரிப் பண்ணை வீட்டுக்கும் வடதுருவத்துக் கிராமத்துக்கும் ஒரே இரவில் ப்ளூஸைக் கொண்டுசேர்க்கும் இன்னொரு ஏற்பாட்டை யாரும் காட்டவில்லை.

நாடாளுமன்றத்துக்கு மேற்கே, ஆற்றோரம், லெப்ரெட்டன் ஃப்ளாட்ஸ் என்ற நிலப்பரப்பு இருக்கிறது. அல்கொன்குவின் பூர்வகுடிகள் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்காத மண். மர ஆலைகளிலும் ரயில் யார்டிலும் உழைத்த பிரெஞ்சு, ஐரிஷ், இத்தாலியக் குடும்பங்கள் பின்னர் அங்கே குடியிருந்தன. 1962 ஏப்ரலில் மத்திய அரசு அந்தப் பகுதி முழுவதையும் கையகப்படுத்தியது. அரசு அலுவலக வளாகம் கட்டப்போகிறோம் என்றார்கள். சுமார் 2,800 பேர் வெளியேற வேண்டியதாயிற்று. சொந்த வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் அரசின் வாடகைதாரர்கள் ஆனார்கள். இடிக்கும் நாள் வரை தங்கள் வீட்டுக்கே வாடகை கட்டினார்கள். 1965-க்குள் கடைகள், வீடுகள், தெருக்கள் எல்லாம் தரைமட்டம். சொன்ன வளாகம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் வெறும் மண்ணாகக் கிடந்த அந்த இடத்தில் 2005-ல் போர் அருங்காட்சியகம் திறந்தது. குடிவரவு விதிகளிலிருந்து இனப் பாகுபாட்டை நீக்கியதும், இந்தத் தெருக்களைக் கையகப்படுத்தியதும் ஒரே ஆண்டில், பிரதமர் ஜான் டீஃபன்பேக்கரின் ஒரே அரசு.

2007 முதல் ஒட்டாவா ப்ளூஸ்ஃபெஸ்ட் நடப்பது அங்கேதான். 1994-ல் நாடாளுமன்றத்துக்கு அருகே மேஜர்ஸ் ஹில் பூங்காவில் சிறியதாகத் தொடங்கிய விழா, இப்போது ஜூலை மாதம் லட்சக்கணக்கானோரை இழுக்கிறது. புல் வளர்ந்த கூரையுடைய அருங்காட்சியகத்தின் பக்கத்தில் பெரிய மேடை எழும்புகிறது. ராக், ஹிப் ஹாப், கன்ட்ரி நட்சத்திரங்கள்தான் இப்போது முன்னணியில். ப்ளூஸ் சின்ன மேடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. அது எனக்கு வருத்தம். வீடு பறிபோனதைப் பாடத் தெரிந்த இசை எது என்று கேட்டால் ப்ளூஸைத்தான் சொல்வேன். வீடுகள் பறிபோன அந்த மண்ணில் ஒரு மாலையாவது முழுக்க ப்ளூஸுக்கும், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் நினைவுக்கும் தர வேண்டும்.

ப்ளூஸ் பாட்டின் கட்டு எளியது. பன்னிரண்டு பார், மூன்று வரி. முதல் வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாம் முறை பாடும்போது கிதாரின் ஸ்வரக்கட்டு நகர்ந்திருக்கும். அதே சொற்கள் வேறு கனத்தில் வரும். கேட்பவர் மூன்றாவது வரிக்குக் காத்திருப்பார். நாடாளுமன்றத்தின் கேள்வி நேரத்தில் ஒரு கேள்விக்கு 35 விநாடி, பதிலுக்கு 35 விநாடி. ஒரே கேள்வி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் திரும்பத் திரும்ப வரும். ப்ளூஸ் கேட்டுப் பழகிய காது அங்கேயும் மூன்றாவது வரிக்குக் காத்திருக்கும். பெரும்பாலான நாட்களில் அது வருவதில்லை.

2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர், சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளுக்காக அதே அவையில் மன்னிப்புக் கேட்டார். ஒன்டாரியோவின் கிராண்ட் ரிவர் சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்த மோஹாக் ப்ளூஸ் பியானோ கலைஞர் மரே போர்ட்டர், மன்னிப்பு மட்டும் போதுமா என்று கேட்டு ஒரு பாட்டுச் செய்தார். அது இடம்பெற்ற ஆல்பத்துக்கு 2012-ல் ஜூனோ கிடைத்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் 94 நடவடிக்கைகளை எழுதிக் கொடுத்தது. அவற்றில் பல இன்னும் நிலுவையில் இருக்கின்றன. போர்ட்டரின் கேள்வியும் அப்படியே இருக்கிறது.