முகமூடிக்குத் தைத்த பை

1981-இல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தில் இண்டியானா ஜோன்ஸ் மாட்டியிருக்கும் தோள்பை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் விஷவாயு முகமூடியைச் சுமந்த ‘மார்க் 7’ பை. வாரை மட்டும் தோலாக மாற்றியிருந்தார்கள். கதை நடப்பது 1936-இல். பை வந்ததோ போர் தொடங்கிய பிறகு. போகட்டும், அவருக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கால ராணுவ முகமூடி முகத்தோடு முடிந்துவிடுவதில்லை. காற்றை வடிகட்டும் தகர டப்பா பைக்குள்ளேயே இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முகக்கவசத்துக்கு ஏறும். பையை மாட்டியபடிதான் சிப்பாய் மூச்சு விடவேண்டும். அதனால் உள்ளே தடுப்பு வைத்துத் தைத்தார்கள்: ஒரு பக்கம் டப்பா, மறுபக்கம் முகக்கவசம். கண்ணாடியில் ஆவி படியாமல் துடைக்கும் துணி, விஷவாயு தோலில் பட்டால் தடவும் களிம்பு எல்லாம் கூடவே போகும். இன்று டப்பா இருந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் நிற்கிறது. மறுபக்கம் புத்தகமும் குடையும்.

துணி, நெருக்கமாக நெய்த பருத்திக் கித்தான். நனைந்ததும் நூல் உப்பி, நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். தூறலுக்கு இது போதும், அடைமழைக்குப் போதாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

பிரிட்டிஷ் படைகள் அஞ்சிய விஷவாயுத் தாக்குதல் கடைசிவரை வரவேயில்லை. போர் முடிந்ததும் இந்தப் பைகள் ராணுவ உபரிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. மீன் பிடிக்கப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

வாங்க நினைப்பவர் கவனிக்கவேண்டியது அந்தத் தகர டப்பாவை. அக்கால வடிகட்டிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது. நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும் சரக்கு. பழைய முகமூடிகளைப் பிள்ளைகள் மாட்டிப் பார்க்க விடவேண்டாம் என்று 2014-இல் பிரிட்டனில் பள்ளிகளை எச்சரித்தார்கள். டப்பா பல்லாண்டுகள் கிடந்த பையின் தையல் இடுக்கிலும் அந்தத் தூசி தங்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. உதறினால் காற்றில் பறக்கும், வீட்டில் துவைத்துத் தீர்க்கக்கூடியதும் அல்ல.

மார்க் 7-தான் வேண்டும் என்றால், அதே அளவில் புதிதாகத் தைத்த நகல்கள் கிடைக்கின்றன. அசல் பழசுதான் வேண்டும் என்பவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் 1937 மாதிரிச் சிறு முதுகுப்பையைத் தேடுங்கள். அதிலும் உள்ளே தடுப்பு உண்டு. சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர்க் குடுவையும் வைப்பதற்காகத் தைத்தது அது.