ஒலிபெருக்கியின் நாட்டில் நமது கச்சேரிகள்

இன்றைய ஒலிபெருக்கிக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் டேனிஷ்காரர். பால்ஸ்ரர் தீவிற் பிறந்து 1909இல் அமெரிக்கா சென்ற பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹாமுடன் சேர்ந்து 1915இல் அதனை மக்கள் கூட்டத்தின் முன் முழங்க வைத்தார். காந்தத்தின் துணையுடன் கம்பியில் ஒலியைப் பதியும் முறையை 1898இல் கண்டவரும் டேனிஷ்காரரே; வல்டெமார் பவுல்சன் என்பது அவர் பெயர். நம்மவர் பலர் வாழும் கேர்ணிங் நகருக்கு வடமேற்கே, ஸ்ருவரில் 1925இல் தொடங்கியது பாங் அன்ட் ஒலுப்சன் நிறுவனம். நல்லொலி பற்றி இத்துணை அறிந்த நாட்டில் வந்து குடியேறிய நாம், நமது சங்கீதத்தை மட்டும் காது வலிக்கக் கேட்டு வருகின்றோம்.

இங்கு நடைபெறும் கச்சேரிகளிற் பெரும்பாலானவை விளையாட்டு மண்டபங்களில் அல்லது பாடசாலை மண்டபங்களில் நிகழ்பவை. வாடகை குறைவு, நானூறு கதிரைகள் போடலாம், சமையலறை உண்டு, கார்களை நிறுத்த இடமுண்டு. ஏற்பாட்டாளர்களை நாம் குறைகூற முடியாது. ஆனால் செங்கற் சுவரும், மெருகிட்ட தரையும், உயர்ந்த கூரையும் பந்து விளையாடுவோருக்காக அமைந்தவை. பாடகரின் ஒரு சங்கதி சுவரிற் பட்டுத் திரும்புமுன் அடுத்த சங்கதி பிறந்துவிடுகின்றது. தெளிவில்லை என்று சபையோர் முறையிட, ஒலியமைப்பாளர் சத்தத்தைக் கூட்டுகிறார். மேடையிலிருந்து மிருதங்க வித்துவானும் தமக்குக் கூட்டும்படி விரலால் சைகை காட்டுகிறார். பின்னர் ஒலிவாங்கி கூவத் தொடங்குகிறது.

இது கூட்டித் தீரும் நோயன்று. 1895இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சுப் புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீராக்கும் பணி வொலஸ் சபைன் என்ற இளம் விரிவுரையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவிரவாக இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். மண்டபத்தின் கனவளவு கூடினால் அந்நேரம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருட்கள் கூடினாற் குறுகும் என்பதே அவர் கண்ட விதி. ஒலிபெருக்கியின் திருகுக்கு அவ்விதியில் இடமே இல்லை. மேனாட்டுப் பல்லியக் குழுவுக்கு ஒலி ஏறத்தாழ இரண்டு வினாடி நின்று அடங்குவது அழகு. கொப்பன்கேகனில் 2009இல் திறக்கப்பட்ட டேனிஷ் வானொலியின் இசையரங்கு அத்தகைய இசைக்கென எழுந்ததே. துரித காலத்தில் வினாடிக்கு எட்டுச் சொற்கள் உதிரும் மிருதங்கத்துக்கோ அந்த இரண்டு வினாடியே பகை. (குளிர்காலத்தில் சபையோர் தடித்த மேலங்கிகளைக் கழற்றாதிருந்தால் ஒலி சற்றுத் தெளியும். சபைன் விதிப்படி இது வேடிக்கையன்று.)

ஒலிவாங்கி நமது சங்கீதத்துடன் பிறந்ததுமன்று. 1933இல் மறைந்த கிட்டப்பா அதன் உதவியின்றியே உச்சக் குரலிற் பாடிப் பெரும் சபைகளை ஆண்டார். வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, கேட்போர் மூச்சடக்கி இருந்தனர். பிற்காலத்தில் வந்த ஒலிவாங்கி தாழ்ந்த குரலுக்கும் மென்மையான குரலுக்கும் மேடை தந்தது; அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் கோயில் வீதியின் திறந்த வெளிக்கென வளர்ந்த தவிலை, மூடிய மண்டபத்துள் ஒலிவாங்கியின் முன் வைப்பதை எந்த நியாயத்தால் ஏற்பது?

இங்கு பிறந்த சிறுமி ஒருத்தி, நகரசபையின் இசைப்பள்ளியில் மேனாட்டு முறையிலும், வார இறுதியில் நம் ஆசிரியையிடம் கர்நாடக முறையிலும் வயலின் பயில்கிறாள். அண்மையிற் கச்சேரி ஒன்று முடிந்து வெளியேறுகையில், "அங்கிள், எங்கட மியூசிக் ஏன் எப்பவும் இவ்வளவு சத்தமா இருக்கு?" என்று நம்மிடம் கேட்டாள். வயலின் மரத்தின் உண்மைத் தொனியை அவள் செவி அறியும். கமகத்தின் நுண்மையைச் சபையில் ஒருமுறையேனும் தெளிவாகக் கேளாத பிள்ளை, பதினெட்டு வயதில் எதைத் தெரிவு செய்யும்? பெற்றோர் பனியிலும் மழையிலும் நூறு கிலோமீற்றர் கார் ஓட்டி வகுப்புக்குக் கொண்டுசென்றதன் பயன் இந்த இடத்திற் கரைகின்றது.

டேனிஷ் கிராமங்களில் 'போர்சாம்லிங்ஸ்ஹூஸ்' எனப்படும் ஊர்மன்றங்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடியானவர் தம் கூட்டங்களுக்கென எழுப்பியவை. பல மன்றங்களில் மரத்தரை, தாழ்ந்த கூரை, நூறு நூற்றைம்பது பேருக்கு இடம். நாம் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு எடுப்பதும் இவற்றையே. அங்கு பாடகருக்கு மட்டும் ஒலிவாங்கியை மெல்ல வைத்து, வயலினையும் மிருதங்கத்தையும் அவற்றின் இயல்பான ஒலிக்கு விட்டுவிடலாம். சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆகவே வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே மண்டபத்துள் வைத்துச் சுருதி சேர்த்தல் நன்று. நானூறு நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் நூற்றிருபது விற்றால் விமானச் செலவுக்கு எங்கே போவது என ஏற்பாட்டாளர் கேட்பர். ஓகூஸ் பக்கம் ஒரு மாலை, கேர்ணிங் பக்கம் ஒரு மாலை, ஓடென்சேயில் ஒரு மாலை என அதே கலைஞரை மும்முறை பாடவைத்தாற் கணக்கு ஏறத்தாழ நேராகும். அவர் தொண்டைக்கு அது இசையுமா என்பதை அழைப்பு அனுப்புமுன் அவரிடமே கேட்டுவிட வேண்டும்.