ரிம் பிரேக்கா? டிஸ்க் பிரேக்கா?

பந்தய சைக்கிள் உலகில் மூண்ட தகராறு

2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

பிரான்சு நாட்டில் பாரீஸ்-ரூபே சைக்கிள் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. 1896-ம் ஆண்டு தொடங்கிய பழைய பந்தயம் இது. தூரம் 250 கிலோ மீட்டருக்கும் மேல். அதில் 50 கிலோ மீட்டருக்கு மேல் கல் பாவிய கரடுமுரடான பாதை. "வடக்கு நரகம்" என்று இந்தப் பந்தயத்துக்கு ஒரு பட்டப் பெயரே உண்டு.

ஏறத்தாழ 130 கிலோ மீட்டர் கடந்தாயிற்று. கல் பாதை ஒன்றில் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். பின்னால் வந்த ஸ்பெயின் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ வெந்தோசோ பிரேக்கை அழுத்தினார். ஆனாலும் முன்னால் நின்ற சைக்கிளின் பின்புறத்தில் அவருடைய கால் பட்டுவிட்டது.

அவர் கீழே விழவில்லை. வலியும் தெரியவில்லை. தொடர்ந்து சைக்கிளை மிதித்தார். சிறிது தூரம் சென்றபின் தற்செயலாகக் காலைப் பார்த்தார். பார்த்தவர் திடுக்கிட்டார்!

முழங்காலுக்குக் கீழே சதை பிளந்திருந்தது. எலும்பை மூடியிருக்கும் சவ்வு வெளியே தெரிந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

"முன்னால் இருந்த சைக்கிளின் டிஸ்க் பிரேக்தான் என் காலை அறுத்தது" என்பது அவருடைய குற்றச்சாட்டு.

பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அப்போதுதான் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 4 நாட்களில், அதாவது 14-ந் தேதி, சர்வதேச சைக்கிள் சங்கம் அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தது. "காயத்துக்குக் காரணம் டிஸ்க் அல்ல, சங்கிலி ஓடும் பல்சக்கரமாக இருக்கலாம்" என்று மறுதரப்பினர் வாதாடினார்கள். சைக்கிள் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

அப்படி என்ன இருக்கிறது, இந்த இரண்டு பிரேக்கிலும்?

விளிம்பைப் பிடிப்பதும் தட்டைப் பிடிப்பதும்

நம் ஊர் பெரிய சைக்கிளைப் பாருங்கள். பிரேக் பிடியை அழுத்தினால் கம்பி இழுக்கிறது. இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் ரிம்மில் போய் உரசுகின்றன. சக்கரம் நிற்கிறது. ரிம்மைப் பிடித்து நிறுத்துவதால் இது ரிம் பிரேக். பந்தய சைக்கிளிலும் இதே வேலைதான். கம்பிக்குப் பதிலாக மெல்லிய கேபிள் இருக்கிறது. கட்டைகள் ரிம்மின் இரு பக்கத்தையும் இடுக்கி போலக் கவ்வுகின்றன.

டிஸ்க் பிரேக் வேறு மாதிரி. சக்கரத்தின் நடுவில், அச்சுக்கு அருகே, ஓர் எஃகுத் தட்டு இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றும். பிடியை அழுத்தினால் இரண்டு சிறு கட்டைகள் அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். மோட்டார் சைக்கிளில் பலரும் பார்த்திருப்பார்கள். 1953-ம் ஆண்டு பிரான்சில் நடந்த லெ மான் கார் பந்தயத்தில் ஜாகுவார் கார் வெற்றி பெற்றபோது அதில் இருந்தது டிஸ்க் பிரேக்தான். சாலைப் பந்தய சைக்கிளுக்கு அது வந்து சேர மேலும் 60 ஆண்டுகள் பிடித்தன!

கதவு சொல்லும் கணக்கு

வீட்டுக் கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுங்கள். ஒரு விரல் போதும். கீல் பக்கம் தள்ளுங்கள். முழு பலமும் தேவைப்படும்.

சக்கரத்துக்கும் இதே கணக்குதான். பந்தய சைக்கிளின் ரிம் குறுக்களவு ஏறத்தாழ 62 சென்டி மீட்டர். டிஸ்க் தட்டின் குறுக்களவோ 14 அல்லது 16 சென்டி மீட்டர்தான். ரிம் பிரேக் கைப்பிடிப் பக்கம் பிடிக்கிறது. டிஸ்க் பிரேக் கீல் பக்கம் பிடிக்கிறது. ஆகவே டிஸ்க் பிரேக்குக்கு 4 மடங்கு அழுத்தம் வேண்டும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? எண்ணெயிலிருந்து! பிடியில் ஒரு சிறிய குழாய். அதில் எண்ணெய். விரலால் லேசாக அழுத்தினால் எண்ணெய் அந்த அழுத்தத்தைக் கீழே கொண்டுபோகிறது. அங்கே குழாய் பெரிது. ஆகவே விசையும் பெருகுகிறது. இரண்டு விரல் போதும், சைக்கிள் நிற்கும். கை வலிமை குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கும் உண்டு. விலை குறைவு. ஆனால் அதற்குக் கையில் கொஞ்சம் பலம் வேண்டும்.

மழை வந்தால்?

காய்ந்த சாலையில் நல்ல ரிம் பிரேக் நன்றாகவே நிற்கும். வித்தியாசம் தெரிவது மழையில்தான்.

ரிம் தரைக்கு அருகே சுற்றுகிறது. சாலையின் நீரும் சேறும் அதில் அப்பிக்கொள்கின்றன. பிரேக் பிடித்ததும் கட்டை முதலில் அந்த நீரைத் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் ரிம்மைப் பிடிக்கும். அந்தச் சிறிய நேரத்தில் சைக்கிள் பல அடி தூரம் ஓடிவிடும். ரிம் அலுமினியமாக இல்லாமல் கார்பன் இழையால் செய்ததாக இருந்தால் தாமதம் இன்னும் அதிகம்.

டிஸ்க் தட்டு அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேறு எளிதில் எட்டாது. நனைந்தாலும் உடனே துடைபட்டுவிடும். மழையிலும் வெயிலிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி பிடிக்கும்.

மலையிலிருந்து இறங்கும்போது

பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ஆல்ப் துயெஸ் என்று ஒரு புகழ்பெற்ற பாதை. நீளம் 13.8 கிலோ மீட்டர். 21 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். அங்கிருந்து கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! அதில் ஒரு பங்கைக் காற்று தடுத்து வாங்கிக்கொள்கிறது. மீதியைப் பிரேக் சூடாக மாற்றுகிறது.

ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்குப் போகிறது. ரிம்முக்கு மேலேயே டயரும் டியூபும் இருக்கின்றன. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம் இளகிக் கெட்டுப்போகலாம். டிஸ்க் பிரேக்கில் சூடு தட்டோடு நிற்கிறது. டயருக்குப் போவதில்லை. ஆனால் தட்டு நெருப்பாகக் காயும். இறங்கியவுடன் அதைத் தொட்டால் விரல் வெந்துவிடும்!

எந்தப் பிரேக்கானாலும் மலையில் விதி ஒன்றுதான். வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும். வேகம் குறைந்ததும் விட வேண்டும்.

பெலோகியின் கதை

அப்படியானால் பலமான பிரேக் இருந்தால் ஆபத்தே இல்லையா? அதுதான் இல்லை!

2003-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி. "டூர் டி பிரான்ஸ்" பந்தயம். கொளுத்தும் வெயில். சாலையில் தார் இளகியிருந்தது. ஸ்பெயின் வீரர் ஜோசபா பெலோகி 2-வது இடத்தில் இருந்தார். முதல் இடத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங்குக்கும் அவருக்கும் 40 வினாடிதான் வித்தியாசம்.

காப் என்ற ஊருக்கு இறங்கும் வளைவு. பெலோகி பிரேக் பிடித்தார். பின்சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை! இளகிய தாரில் வழுக்கியது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. பெலோகி தூக்கி எறியப்பட்டார். தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு முறிந்தன. அதற்கு முந்திய 3 ஆண்டுகளும் முதல் மூவரில் ஒருவராக வந்தவர் அவர். அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

பின்னால் வந்த ஆம்ஸ்ட்ராங் அவர் மேல் மோதாமல் இருக்க வயலுக்குள் சைக்கிளை விட்டார். வயலைக் கடந்து மறுபடியும் சாலைக்கு வந்து சேர்ந்தார். (ஊக்க மருந்து உட்கொண்டதற்காக அவருடைய பட்டங்கள் 2012-ம் ஆண்டு பறிக்கப்பட்டன.)

பெலோகியின் பிரேக் பழுதாகவில்லை. அது சக்கரத்தை நிறுத்தியது. சாலையைப் பிடிக்கத் தவறியது டயர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. சைக்கிளை நிறுத்துவது டயர். தேய்ந்த டயரில் எத்தனை விலை உயர்ந்த பிரேக்கை மாட்டினாலும் பயன் இல்லை.

தகராறு எப்படி முடிந்தது?

வெந்தோசோ காயம் ஆறிப் பந்தயத்துக்குத் திரும்பினார். டிஸ்க் தட்டின் கூரான விளிம்பை மழுக்கினார்கள். 2017-ம் ஆண்டு சோதனை மறுபடியும் தொடங்கியது. அந்த ஆண்டு டூர் டி பிரான்சின் 2-வது நாள் ஓட்டத்தில் ஜெர்மனி வீரர் மார்செல் கிட்டல் டிஸ்க் பிரேக் சைக்கிளில் வெற்றி பெற்றார். 2018-ம் ஆண்டு ஜூலையில் சங்கம் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கொடுத்தது.

ஆனாலும் ரிம் பிரேக் உடனே தோற்றுவிடவில்லை. அது எடை குறைந்தது. டிஸ்க் பிரேக் சைக்கிள் ஏறத்தாழ அரைக் கிலோ கூடுதல் எடை இருக்கும். மலை ஏறும்போது அரைக் கிலோவும் பாரம்தான்!

2020-ம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. ஸ்லோவேனியா நாட்டு இளைஞர் ததேஜ் பொகாச்சார் 57 வினாடி பின்தங்கியிருந்தார். வயது 21. அன்றைய ஓட்டம் மலை உச்சியில் முடிந்தது. மலை அடிவாரத்தில் சைக்கிளை மாற்றினார். மாற்றி ஏறியது ரிம் பிரேக் சைக்கிள்! உச்சியை அடைந்தபோது 59 வினாடி முன்னால் இருந்தார். மறுநாள் அவர்தான் வெற்றி வீரர்.

அதன் பிறகு காற்று மாறியது. 2022-ம் ஆண்டு வென்ற டென்மார்க் வீரர் யோனாஸ் விங்கெகார்ட் ஓட்டியது டிஸ்க் பிரேக் சைக்கிள். இன்று பெரிய பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கே ஆட்சி செய்கிறது. கடைக்கு வரும் புதிய பந்தய சைக்கிள்களிலும் பெரும்பாலும் அதுதான்.

எதை வாங்கலாம்?

பந்தய வீரருக்குப் பின்னால் காரில் மெக்கானிக் வருகிறார். வாங்குகிறவருக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஆகவே அவரவர் சாலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சமவெளியில், காய்ந்த நாட்களில் ஓட்டுகிறவரா? கையில் பணம் குறைவா? பழுதைத் தாமே பார்ப்பவரா? அலுமினிய ரிம் உள்ள ரிம் பிரேக் சைக்கிள் போதும். கட்டை தேய்ந்தால் சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். கேபிள் அறுந்தால் சாதாரண சைக்கிள் கடையிலேயே வேலை முடியும்.

மழையிலும் ஓட்ட வேண்டுமா? மலைப் பாதையா? உடல் எடை அதிகமா? மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவரா? டிஸ்க் பிரேக் நல்லது. அகலமான டயரும் அதில் போட முடியும். அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. "இப்போது ரிம் பிரேக் வாங்கலாம், பிறகு டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். டிஸ்க் பிரேக்குக்குச் சட்டமும் முன் கவையும் சக்கரமும் தனியாகச் செய்யப்பட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ரிம் பிரேக் உள்ளவர்கள் ரிம்மை அடிக்கடி துடைக்க வேண்டும். கட்டையில் மணல் குத்தியிருந்தால் எடுத்துவிட வேண்டும். கட்டை மட்டும் தேய்வதில்லை. ரிம்மும் தேய்கிறது! பழைய சைக்கிள் வாங்கும்போது ரிம்மின் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தால் ரிம்மை மாற்றியாக வேண்டும். மெலிந்த ரிம் ஓடும்போதே பிளந்துவிடலாம்.

டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் தட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளி சிந்தினாலும் பிரேக் பிடிக்காது. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிடியை அழுத்தக் கூடாது. கட்டைகள் நெருங்கிச் சக்கரம் உள்ளே நுழையாது. பிரேக்கு எண்ணெயிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். புதிய கட்டை மாட்டியதும் மெதுவாக ஓட்டி, பத்துப் பதினைந்து தடவை பிடித்துப் பிடித்து விட வேண்டும். அப்போதுதான் கட்டை தட்டோடு ஒத்துப்போகும்.

இரண்டு வகைக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலை விட்டு இறங்குமுன் இரண்டு பிடியையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். டயரை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

ஆகிற நேரம் அரை நிமிடம். காப்பாற்றுவது உயிர்!