குளத்து நீரும் கணினியின் பங்கீடும்

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் கிளிநொச்சி வயல்களின் உயிர்நாடி. மாரியில் நிறையும் அக்குளத்து நீர் சிறுபோகத்தில் எல்லா வயல்களுக்கும் போதுவதில்லை. ஆகவே விதைப்புக்கு முன்னரே கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, எவ்வளவு நிலம் விதைப்பது என வரையறுப்பர். அவ்வரம்பு மீறப்படின், வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள கமக்காரரின் பயிர் கதிர் முற்றுமுன் வாடும்.

கணினிக்குள்ளும் இந்நெருக்கடி உண்டு. ஒரே கணினியில் இயங்கும் பல நிரல்கள் செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்னர் வரம்புகள் பெரும்பாலும் தனித்தனிச் செயன்முறைகளுக்கே விதிக்கப்பட்டன. ஒரு நிரலோ பல செயன்முறைகளைப் பிறப்பிக்கவல்லது. ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் நின்றாலும், எல்லாம் சேர்ந்து கணினியை முடக்கிவிடும்.

இதற்குப் பரிகாரமாக 2006இல் கூகிள் நிறுவனப் பொறியியலாளர் தொடங்கிய பணி, 2008இல் லினக்ஸ் இயக்க முறைமையில் 'கட்டுப்பாட்டுக் குழுக்கள்' என்னும் பெயரில் இடம்பெற்றது. வாய்க்காலின் தலைப்பில் நீரை அளப்பதுபோல, இங்கே கணக்கு குழு முழுவதற்கும் வைக்கப்படுகிறது. புதிதாய்ப் பிறக்கும் செயன்முறையும் தாயின் குழுவிலேயே சேரும். உட்குழுக்களும் அமையலாம், அவை தாய்க்குழுவின் வரம்பைத் தாண்டா.

செயலியின் நேரம் ஓடும் நீரை ஒத்தது. ஒரு குழு பயன்படுத்தாத பங்கு மற்றவற்றுக்குச் செல்லும். நினைவகம் வயலில் தேக்கிய நீரை ஒத்தது. பிடித்தவர் விடும்வரை பிறருக்குக் கிடையாது. ஆதலால் அதற்கு உச்சவரம்பு வைக்கப்படும். வரம்பை எட்டியபின் இடத்தை மீட்க வழியில்லையெனின், அக்குழுவின் செயன்முறை ஒன்று நிறுத்தப்படும், அயற்குழுக்கள் தப்பும். இன்று ஒரே கணினியில் பலருடைய பணிகள் ஒன்றையொன்று நெருக்காமல் நடப்பதற்கு இவ்வேற்பாடு பெருந்துணையாகும்.