கண்ணை மூடி மனதால் நடந்தாலும் மூளை நடக்கும், தெரியுமா?

அறைக்குள் நன்றாக நடந்து வந்த அப்பா நிலைப்படிக்கு முன்னால் திடீரென்று நின்றுவிடுகிறார். முழங்கால் நடுங்குகிறது, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் எழும்ப மறுக்கிறது. மகள் தன் பாதத்தை அவர் முன்னால் குறுக்கே வைத்து, "என் காலைத் தாண்டி வைங்க அப்பா" என்கிறாள். தாண்டிவிடுகிறார்! பார்க்கின்சன் நோயாளி இருக்கும் வீடுகளுக்கு இந்த அதிசயம் பழக்கமானதுதான். தரையில் கோடு போட்டு வைத்தாலும் இதே பலன்.

எப்படி? நாம் யோசிக்காமலே நடப்பதற்கு மூளைக்கு டோபமைன் வேண்டும். அதைச் சுரக்கும் செல்களில் ஏறக்குறைய பாதி அழிந்த பிறகுதான் நோயே வெளியில் தெரிகிறது. ஆனால் யோசித்து நடப்பதற்கு மூளையில் வேறு வழி இருக்கிறது. கடுகண்ணாவையில் மண் சரிந்தால் கண்டி பஸ் சுற்றுப்பாதையில் வந்து சேர்வதில்லையா, அதுபோல!

நெதர்லாந்தில் நாலு அடி நடக்கத் தடுமாறிய நோயாளி ஒருவர் சைக்கிளில் ஏறியதும் சரளமாக ஓட்டிக்கொண்டு போனார் தெரியுமா? 2010இல் வைத்திய உலகமே வியந்த காட்சி அது.

இன்னும் கேளுங்கள், உடம்பு அசையாமல் மனதால் நினைப்பதும் மூளைக்குப் பயிற்சிதான். 1995இல் வெளியான ஒரு ஆய்வில், ஐந்து நாட்கள் பியானோ வாசிப்பதாக மனதில் நினைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள் சிலர். விரல் அசையவேயில்லை. ஆனாலும் விரல்களை ஆளும் மூளைப்பகுதி, நிஜமாக வாசித்தவர்களுக்குப் போலவே விரிந்திருந்தது! 2007இல் இஸ்ரேலில் 12 வாரம் உடற்பயிற்சியோடு மனப்பயிற்சியும் செய்த பார்க்கின்சன் நோயாளிகள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வேகமாக அசைந்தார்கள். எல்லா ஆய்வுகளிலும் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் செலவில்லாத பயிற்சி, நாற்காலியில் இருந்தபடியே செய்யலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை.

கண்டிக்காரருக்கு இது இன்னும் சுலபம். உட்கார்ந்தபடியே கண்ணை மூடி, மனதால் வாவிக்கரைக்குப் போங்கள். குதிகால் முதலில் தரையைத் தொடட்டும், பிறகு விரல்கள். இடப்பக்கம் மதிற்சுவர், மரநிழல், ஈரக்காற்று. அவசரம் வேண்டாம், ஒவ்வொரு அடியையும் உடம்பால் உணருங்கள். பெரஹரா மேளத்தை மனதுக்குள் ஒலிக்க விட்டு அதன் தாளத்துக்கு அடி வையுங்கள். மனதுக்குள் பாடிக்கொண்டு நடந்த நோயாளிகளின் நடை சீரானதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்!

குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதிலுள்ள லெவோடோபா என்ற மருந்தை நம் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னையின் தாமோதரனும் ராமசாமியும் என்பது தெரியுமா? அதற்காக விதையை நீங்களாக அரைத்துக் குடிக்க வேண்டாம், அளவு தவறினால் ஆபத்து.

அடுத்த முறை பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ கிளினிக் போகும்போது, "மனசால நடக்கிற பயிற்சியை எங்க அப்பாவுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பாருங்கள்.