பழைய படமும் இளஞ்சிறாரும்

தாம் இளமையில் கண்டு களித்த திரைப்படத்தைத் தம் மக்களும் காணவேண்டும் எனப் பெற்றோர் விழைவர். வண்ணமில்லாப் படம் எனக் குழந்தை எழுந்தோடினால் அவர்தம் உள்ளம் வாடும். குறை குழந்தையிடம் இல்லை; காட்டும் முறையிலேயே உளது.

1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாயா பஜார்' ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. அதனை முதலிலிருந்து தொடங்குதல் வேண்டா. கடோற்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் திருமண விருந்தைத் தனியே உண்ணும் பகுதியை மட்டும் காட்டுக. இலட்டுகள் தாமே எழுந்து அவர் வாயினுள் புகும். கணிப்பொறியின் துணையின்றி ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி நிகழ்த்திய விந்தை அது. எத்தனை முறை கண்டும் எனக்கு அலுத்திலது!

"எவ்வாறு பறந்தது?" எனக் குழந்தை வினவும். உடனே விடை கூறற்க, மீண்டும் பார்க்கட்டும். அடுத்து, "இவர் யார்?" எனக் கேட்கும். வீமன் மைந்தன் என்று கதையைத் தொடங்கலாம். அக்கதை முடியுமுன், எஞ்சிய படத்தைக் குழந்தையே கேட்கும்.