‘நிலநடுக்கம் வரப்போகுதுன்னு எனக்கு முன்பே தெரியும்!’ - இப்படிச் சொல்பவர்களை நம்பலாமா?

2025 ஜூலை 5. இந்த ஒரு தேதிக்குப் பயந்து ஹாங்காங்கில் பலர் ஜப்பான் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். டிக்கெட் விற்காததால் விமான நிறுவனங்கள் சில சேவைகளைக் குறைத்துக்கொண்டன. இத்தனைக்கும் காரணம், ஒரு காமிக்ஸ் புத்தகம்.

ஜப்பானிய ஓவியர் ரியோ தத்சுகி, தான் கண்ட கனவுகளை வைத்து வரைந்த புத்தகம் அது. 1999-ல் வெளிவந்த அதன் அட்டையில் ‘2011 மார்ச், பெரும் பேரழிவு’ என்ற வரி இருந்தது. 2011 மார்ச் 11-ல் ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியதும் புத்தகத்துக்குத் திடீர் மவுசு. 2021-ல் வந்த மறுபதிப்பு, அடுத்த பேரழிவு 2025 ஜூலையில் என்றது. அதிலிருந்துதான் ஜூலை 5 என்ற தேதி சமூக வலைதளங்களில் தீயாகப் பரவியது. எந்தத் தேதியில், எங்கே, எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்று சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது என்று ஜப்பான் வானிலை ஆய்வு மையம் விளக்கிப் பார்த்தது. பயம் குறையவில்லை.

ஜூலை 5-ல் பேரழிவு எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஜூலை 30-ல் ரஷ்யாவின் கம்சத்கா தீபகற்பத்தில் 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஜப்பானுக்கும் சுனாமி எச்சரிக்கை விடப்பட்டது. உடனே, ‘தேதிதானே தப்பு, மாசம் சரிதானே!’ என்று பேச்சு கிளம்பியது.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

யார் இவர்கள்?

நிலநடுக்கத்தை முன்கூட்டியே உணர்வதாகச் சொல்பவர்கள் பல நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த சார்லட் கிங், காதில் கேட்கும் மெல்லிய ஒலியையும் உடம்பில் தோன்றும் வலியையும் வைத்துச் சொல்வதாகக் கூறியவர். கலிபோர்னியாவின் ஜிம் பெர்க்லாண்ட் புவியியல் படித்தவர். நிலவின் ஈர்ப்பையும், ‘பூனையைக் காணோம், நாயைக் காணோம்’ என்று பத்திரிகையில் வரும் விளம்பரங்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணித்தார். 1989 அக்டோபரில், ஒரு வாரத்துக்குள் நிலநடுக்கம் வரும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் சொன்னார். அக்டோபர் 17-ல் சான் பிரான்சிஸ்கோ பகுதியை 6.9 அளவில் நிலநடுக்கம் உலுக்கியது. ஒரே நாளில் அவர் பிரபலமாகிவிட்டார்.

நெதர்லாந்தின் ஃபிராங்க் ஹூகர்பீட்ஸ் கோள்களின் வரிசையைப் பார்ப்பவர். துருக்கி, சிரியா பகுதியில் சுமார் 7.5 அளவில் நிலநடுக்கம் வரும் என்று 2023 பிப்ரவரி 3-ல் பதிவிட்டார். மூன்றே நாளில் 7.8 அளவில் வந்தது. 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

மூன்று கேள்விகள்

ஒரு கணிப்பு கணிப்பாக இருக்க வேண்டுமானால் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே? எப்போது? எவ்வளவு பெரியது? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது கணிப்பு ஆகாது.

ஹூகர்பீட்ஸ் பதிவையே எடுத்துக்கொள்வோம். இடம் இருந்தது, அளவு இருந்தது. ஆனால் காலம்? ‘இன்றோ நாளையோ, என்றாவது ஒருநாள்’ என்ற பொருளில்தான் இருந்தது. பெரிய நிலப்பிளவுகள் மேல் உட்கார்ந்திருக்கும் துருக்கியில் என்றாவது பெரிய நிலநடுக்கம் வரும் என்பது புவியியல் மாணவருக்கும் தெரியும்.

அடுத்தது, எண்ணிக்கை. உலகில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 நிலநடுக்கங்கள் வருகின்றன. 6-க்கு மேல் என்றால் ஆண்டுக்குச் சுமார் 150, அதாவது வாரத்துக்கு மூன்று. 7-க்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 15. ஆகவே, ‘இந்த வாரம் பசிபிக் கரையோரம் எங்கேயாவது 6 அளவில் வரும்’ என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் பலிக்கும். அதற்கு ஞானதிருஷ்டி தேவையில்லை.

தலைவலியும் அப்படித்தான். மாதத்துக்குப் பத்து நாள் தலைவலி வருபவருக்கு, ஏதாவது ஒரு தலைவலிக்கு மறுநாள் உலகின் ஏதோ ஒரு மூலையில் பூமி ஆடியே தீரும். அந்த நாள் மனதில் பதிந்துவிடும். வலி வந்தும் எதுவும் ஆடாத நாட்களை யாரும் டைரியில் எழுதி வைப்பதில்லை.

சில விநாடி முன்பு உணர்வது உண்மைதான்

‘நாய் குரைச்சுது, அப்புறம்தான் வீடு ஆடுச்சு’ என்று பலர் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. நிலநடுக்கத்தின்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வரும் முதன்மை அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் ஓடும். பெரும்பாலும் லேசான அதிர்வுதான். கட்டடங்களை உலுக்கும் இரண்டாம் நிலை அலையின் வேகம் சுமார் 3.5 கி.மீ. நிலநடுக்கம் 100 கி.மீ. தொலைவில் என்றால் இரண்டுக்கும் சுமார் 12 விநாடி இடைவெளி. மனிதர்கள் கவனிக்காத அந்த முதல் அதிர்வை விலங்குகளும், சில சமயம் மனிதர்களும் உணரலாம். ஆனால் அது நடக்கப்போவதை உணர்வது அல்ல. ஏற்கெனவே தொடங்கிவிட்டதை உணர்வது.

விஞ்ஞானிகளால் முடிந்ததா?

முடியவில்லை. சீனாவின் ஹைசெங் நகரில் 1975 பிப்ரவரி 4-ல் 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டதால் ஏராளமான உயிர்கள் தப்பின. தொடர்ச்சியாக வந்த சிறு அதிர்வுகள்தான் அங்கே பெரிய எச்சரிக்கையாக அமைந்தன. ‘கண்டுபிடிச்சாச்சு’ என்று உலகமே நினைத்தது. அடுத்த ஆண்டே, 1976 ஜூலை 28-ல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தாங்ஷான் நகரம் தரைமட்டமானது. அதிகாரபூர்வக் கணக்குப்படியே இறந்தவர்கள் சுமார் 2,42,000 பேர்.

கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் 6 அளவில் நிலநடுக்கம் வரும் என்று எதிர்பார்த்து, விஞ்ஞானிகள் கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004-ல். அத்தனை கருவிகளிலும் நம்பத்தகுந்த முன்னறிகுறி எதுவும் பதிவாகவில்லை. சிறிய அதிர்வு, பெரிய அதிர்வு இரண்டுமே பாறையில் ஒரு சின்னப் பிளவாகத்தான் தொடங்குகின்றன. எது பாதியில் நிற்கும், எது பல கி.மீ. ஓடும் என்று தொடக்கத்தில் யாராலும் சொல்ல முடிவதில்லை.

சொன்னா நல்லதுதானே, தப்பானால் என்ன?

தப்பானால் உயிர் போகும். இத்தாலியின் லாக்விலா அதற்குச் சாட்சி. 2009 தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் சிறு அதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. ஆய்வகத் தொழில்நுட்பரான ஜாம்பாலோ ஜூலியானி, நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து, நிலநடுக்கம் வரும் என்று எச்சரித்தார். அவர் சுட்டிய ஊர் சுல்மோனா. லாக்விலாவிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவு. அவர் சொன்ன நேரத்தில் அங்கே எதுவும் நடக்கவில்லை. பீதி கிளப்புவதாக அவர் மீது புகார் வந்தது.

பீதியை அடக்க அரசு மார்ச் 31-ல் நிபுணர் கூட்டத்தைக் கூட்டியது. பயப்பட ஒன்றுமில்லை என்ற செய்தி மக்களிடம் போனது. அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியே படுப்பது அந்த ஊர்ப் பழக்கம். அந்தச் செய்தியை நம்பிச் சிலர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். ஏப்ரல் 6, அதிகாலை 3.32. 6.3 அளவில் நிலநடுக்கம். 309 பேர் இறந்தார்கள்.

ஜூலியானி சொன்னதைக் கேட்டு சுல்மோனா மக்களை லாக்விலாவுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்தாலே பதறுகிறது. ‘வரும்’ என்று அடித்துச் சொன்னதும் தவறு, ‘வராது’ என்று தைரியம் சொன்னதும் தவறு. கணிக்கத் தவறியதற்காக அல்ல, தவறான நம்பிக்கை கொடுத்ததற்காக 2012-ல் ஏழு பேருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-ல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகள் விடுதலையானார்கள். ஓர் அதிகாரியின் தண்டனை 2 ஆண்டாகக் குறைந்தது.

அப்போ என்னதான் வழி?

நிலநடுக்கம் தொடங்கிய பிறகு கிடைக்கும் சில விநாடிகளைப் பயன்படுத்துவது ஒன்று. முதன்மை அலையைக் கருவிகள் பிடித்ததும், பெரிய அலை வந்து சேர்வதற்குள் எச்சரிக்கை அனுப்பிவிடலாம். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு இந்த வசதி இருக்கிறது. உத்தராகண்டில் ஐஐடி ரூர்க்கி உருவாக்கிய செயலி 2021-ல் வந்தது. மேசைக்கு அடியில் ஒதுங்கவும், அடுப்பை அணைக்கவும், ரயிலை நிறுத்தவும் அந்த விநாடிகள் போதும்.

சுனாமிக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் அதிகம். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா அருகே பூமி குலுங்கி, சுமார் 2 மணி நேரம் கழித்துத்தான் அலைகள் தமிழகக் கரைக்கு வந்தன. அன்று தேவைப்பட்டது முன்கூட்டியே உணரும் சக்தி அல்ல, நடந்ததைக் கரைக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு. அந்த மையம் 2007-ல் ஹைதராபாத்தில் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேல் கட்டடம். பூமி ஆடும்போது மிகப் பெரும்பாலான உயிர்களை எடுப்பது இடிந்து விழும் சுவரும் கூரையும்தான். தேதி தெரியாமல் போனாலும், உறுதியான வீடு எந்தத் தேதியிலும் காப்பாற்றும்.

அடுத்த முறை ‘இன்னும் பத்து நாளில் பெரிய நிலநடுக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது? கூடவே நான்காவதாக ஒன்று: இதுவரை இவர் சொன்னதில் எத்தனை நடக்கவில்லை?